மணமில்லாத ஊர்

டிசம்பர் 9, ஞாயிறு

பீட்டர்ஸ்பர்க் வந்து ஆறு நாள் ஆகிறது. இன்றுதான் பேனாவைத் தொட மனம் வந்தது. இந்த ஊரைப் பற்றி முதலில் எழுத வேண்டியது அதன் நாற்றத்தைத்தான். நான் அறை எடுத்திருக்கும் கட்டடத்தில் கீழ்ப்படியிலேயே பூனை மூத்திரம். இரண்டாம் மாடியில் யாரோ தினமும் முட்டைக்கோசை வேகவைத்துக் கொல்கிறார்கள். மூன்றாம் மாடியில் மீன், அதுவும் நேற்றைய மீன். நான்காம் மாடிக் கதவைத் திறந்தால் ஈரக் கம்பளியும் சதகுப்பைக் கீரையும். கண்ணைக் கட்டி விட்டாலும் மூக்கை வைத்தே என் கட்டிலுக்கு வந்து சேர்ந்துவிடுவேன்.

பெருமைக்காகச் சொல்லவில்லை, இருபத்தேழு வருடமாக இந்த மூக்குதான் எனக்குச் சோறு போடுகிறது. குன்னூரில் நான் டீ டேஸ்டர். நாச்சிமுத்து தலையாட்டாமல் எங்கள் கம்பெனித் தேயிலை ஒரு மூட்டைகூடக் கப்பல் ஏறியதில்லை. இங்கே ஒரு தொழிற்சாலை எங்கள் தேயிலையை வாங்கிக் கலந்து, டப்பாவில் அடைத்து விற்கிறது. போன வருடம் தரத்தில் தகராறு வந்ததால் இந்தத் தடவை என்னையே மூன்று மாதத்துக்கு அனுப்பிவிட்டார்கள். ஜனவரிக் கடைசியில் ஆறு லாட் தேயிலை வருகிறது. நான் குடித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் மூட்டையைப் பிரிப்பார்கள். தப்பான லாட்டுக்குக் கையெழுத்துப் போட்டால் அதோடு என் பிழைப்பு முடிந்தது.

இவ்வளவு பெரிய பொறுப்பைக் கொடுத்த கம்பெனிக்கு ஹோட்டலில் அறை போட மட்டும் மனம் வரவில்லை. நீனா பாவ்லோவ்னா என்ற கிழவியின் வீட்டில் ஓர் அறை. அறுபத்தெட்டு வயது, புருஷன் இல்லை, முப்பத்தொரு வருடம் ட்ராம் ஓட்டியவளாம். காலையில் ஒரு சின்னக் கூஜாவில் தேயிலையைக் கஷாயமாக இறக்கி வைக்கிறாள். நாள் முழுக்க அதிலிருந்து ஒரு விரற்கடை ஊற்றி, வெந்நீரை விட்டு நிரப்பி நீட்டுகிறாள். ராத்திரி மிச்சமிருந்தால் மறுநாள் காலையில் அதுவேதான். மேலே எலுமிச்சைத் துண்டு. இந்தக் கழுநீருக்காகவா நாங்கள் மலை மேல் பனியில் கொழுந்து கிள்ளுகிறோம் என்று இருந்தது. குளியலறைத் தொட்டியில் கொட்டினேன்.

டிசம்பர் 12

தொழிற்சாலை. கலவைப் பிரிவுத் தலைவன் விக்தர் செர்கேயெவிச். இரண்டு ஆள் அகலம். இந்த ஊரில் ஆளை மரியாதையாகக் கூப்பிட அப்பன் பெயருக்கு ஒரு வாலை ஒட்டிச் சேர்த்துச் சொல்ல வேண்டுமாம். என் அப்பாவின் பெயரைக் கேட்டான். சென்னியப்பன் என்றேன். அன்று முதல் நான் நாச்சிமுத்து சென்னியப்பனோவிச். அப்பா இருந்திருந்தால் செருப்பைக் கழற்றியிருப்பார்.

எனக்கு மொழிபெயர்க்க லுத்மிளா என்று ஒருத்தியை வைத்திருக்கிறார்கள். பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்தவள். ஒரு தமிழனையும் நேரில் பார்க்காமல் படித்திருக்க வேண்டும். "ஐயா, தாங்கள் சுவைத்த பின்னர் உமிழ்வதற்கான கலம் இங்கு உள்ளது" என்றாள். துப்புகிற தொட்டியைத்தான் சொல்கிறாள். எனக்கு ரஷ்ய மொழி கடைத்தெருவில் வாங்கும் அளவுக்குத் தெரியும், போன வருடங்களில் இரண்டு தடவை வந்ததில் ஒட்டிக்கொண்டது. அதை வைத்தே சமாளித்துவிடலாம் போலிருக்கிறது.

முப்பது கோப்பை வரிசையாக வைத்திருந்தார்கள். உறிஞ்சி, துப்பி, நகர்ந்து, உறிஞ்சி, துப்பி, பத்தே நிமிடம். பதினேழாவது கோப்பையில் நின்றேன். இது வெங்காயத்துக்குப் பக்கத்தில் இருந்த தேயிலை என்றேன். கிடங்குக்காரனைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். மூன்று வாரம் வெங்காய மூட்டைக்குப் பக்கத்தில் கிடந்ததாம். விக்தர் என்னைத் தூக்கி முத்தம் கொடுக்காத குறை. நான் கைக்குட்டையால் கன்னத்தைத் துடைத்துக்கொண்டேன், கொடுக்காத முத்தத்துக்கு.

டிசம்பர் 16, ஞாயிறு

விக்தர் வீட்டில் விருந்து. வாசலில் காலணியைக் கழற்ற வைத்தார்கள், அது நியாயம். பிறகு போட்டுக்கொள்ளச் செருப்பு கொடுத்தார்கள். ரோஸ் நிறம், மேலே கம்பளிப் பூ. ஐம்பத்து மூன்று வயதில் நான் அதைப் போட்டுக்கொண்டு நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஒவ்வொரு மடக்குக்கும் ஒருவர் எழுந்து பேசுகிறார். நட்புக்கு, பெண்களுக்கு, பெற்றோருக்கு, தேயிலைக்கு. பேசி முடித்ததும் கண்ணாடிக் கோப்பைகளை ஒன்றோடொன்று இடித்துக்கொள்கிறார்கள். எதிரில் இருப்பவன் கண்ணைப் பார்த்து இடிக்க வேண்டுமாம். நான் பழச்சாறோடு எல்லாருடைய கண்ணையும் பார்த்தேன். உள்ளே ஒன்றும் இல்லை.

விக்தரின் மனைவி டீ கொடுத்தாள். ஒரு வாய் வைத்ததும் தெரிந்துவிட்டது: டப்பா அடுப்புக்கு மேலே நாலு மாதமாக இருக்கிறது, பக்கத்தில் கிராம்பு. மறைக்காமல் சொன்னேன். லுத்மிளா மொழிபெயர்த்தாள். அந்த அம்மாள் மகிழ்ந்துபோய் இன்னொரு கோப்பை ஊற்றினாள். லுத்மிளா என்ன மொழிபெயர்த்தாள் என்று கேட்டேன். "தங்கள் நுண்ணிய மதிப்பீட்டைச் சுருங்கக் கூறினேன் ஐயா" என்றாள்.

டிசம்பர் 20

காய்ச்சல்.

டிசம்பர் 22

நீனா பாவ்லோவ்னா கடுகுப் பொடியைக் காலுறைக்குள் கொட்டி என் காலில் மாட்டிவிட்டாள். கேட்கவில்லை, மாட்டிவிட்டாள். ராஸ்பெரி ஜாமை வெந்நீரில் கரைத்துக் கரண்டியால் ஊட்டினாள். ட்ராம் ஓட்டியவள் வைத்தியமும் பார்க்கிறாள். நான் ஊரிலிருந்து கொண்டு வந்த நீலகிரித் தைலத்தைத் தடவிக்கொண்டதும், வீடே ஆஸ்பத்திரி மாதிரி நாறுகிறது என்று ஜன்னலைத் திறந்துவிட்டாள்.

டிசம்பர் 24

காய்ச்சல் விட்டது. தைலக்காரன் நன்றாக ஏமாற்றியிருக்கிறான். மேலே மட்டும் நல்ல தைலம், அடியில் ஏதோ கலப்படம். தடவினால் எரிகிறது, வாசம் துளிகூட இல்லை.

டிசம்பர் 27

தொழிற்சாலை. எல்லாக் கோப்பையும் செத்துக் கிடக்கிறது. தண்ணீர்தான் காரணம் என்றேன். பாட்டில் தண்ணீர் கொண்டு வந்தார்கள். அதுவும் அப்படியே. கெட்டிலை மாற்றச் சொன்னேன். புதுக் கெட்டில் வந்தது. குளிரில் இலையே உறைந்து உயிர் விட்டுவிடுகிறது என்று கடைசியில் விளக்கினேன். விக்தர் தன் கோப்பையை மோந்து பார்த்துவிட்டு, "எனக்கு எப்பவும் போலத்தான் இருக்கு" என்றான். எலுமிச்சைத் துண்டை மிதக்கவிட்டுக் குடிப்பவனுக்கு எப்பவும் போலத்தான் இருக்கும்.

டிசம்பர் 31

இந்த ஊர்க்காரர்களுக்குப் புத்தாண்டு என்றால் ஆரஞ்சுப்பழமும் ஊசியிலை மரமும். நீனா பாவ்லோவ்னா ஓர் ஆரஞ்சை உரித்து என் மூக்குக்கு நேரே பிடித்தாள். "மோந்து பாருங்க. இதுதான் புது வருஷம்" என்றாள். மோந்து பார்த்தேன். எங்கிருந்தோ பச்சையாகப் பறித்துப் பெட்டியில் பழுக்க வைத்த பழம், அதில் என்ன மணம் இருக்கும்? மரமும் பிளாஸ்டிக் மாதிரித்தான். உண்மையான மரம் என்று சாதித்தாள், ஊசி இலையைக் கிள்ளிக் காட்டினாள். பாவம், மரக்கடையில் நன்றாகத் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

ஒரு நல்ல விஷயம். மாடிப்படி சுத்தமாகிவிட்டது. பூனையை யாரோ துரத்திவிட்டார்கள் போலிருக்கிறது. இரண்டாம் மாடிக்காரர்களும் முட்டைக்கோசை விட்டுவிட்டார்கள். நான் வந்த நாளிலேயே நீனா பாவ்லோவ்னாவிடம் முறையிட்டது வேலை செய்திருக்கிறது. இவர்களிடம் கண்டிப்பாகப் பேசினால்தான் காரியம் நடக்கும்.

ஜனவரி 5

மரகதம் பேசினாள். கம்ப்யூட்டர் திரையில் அவள் முகம் பாதிதான் தெரிந்தது. அந்தத் தைலக்கடைக்காரனிடம் போய்ச் சண்டை போடச் சொன்னேன்.

"அதே கடையில நானும் ஒண்ணு வாங்கியிருக்கறேனுங்க. மூடியத் தொறந்தா வீடே மணக்குது" என்றாள். முகத்தைத் திரைக்கு அருகே கொண்டு வந்தாள். "ஏனுங்க, இன்னும் மூக்கடைப்புங்களா?"

"எனக்கென்ன அடைப்பு? இந்த ஊருக்கே மணம் கிடையாது. எல்லாம் பனியில மூடிக் கிடக்குது."

"டாக்டரப் பாருங்களேன்."

இணைப்பு சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். இணைப்பு நன்றாகத்தான் இருந்தது. குன்னூரில் உட்கார்ந்துகொண்டு பீட்டர்ஸ்பர்க் குளிரைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்கிறாள்.

ஜனவரி 9

விடுமுறை முடிந்து தொழிற்சாலை திறந்தது. பன்னிரண்டு கோப்பை. மணத்தை வைத்து மதிப்பிடுவது கற்றுக்குட்டிகளின் வேலை. நிறம் இருக்கிறது, துவர்ப்பு இருக்கிறது, ஊறிய இலையின் பளபளப்பு இருக்கிறது. அனுபவசாலிக்கு இவையே போதும்.

விக்தர் ஒரு சில்லறை வேலை செய்தான். ஒரே தேயிலையை நாலாவது கோப்பையிலும் பதினோராவது கோப்பையிலும் வைத்திருக்கிறான். நான் நாலுக்கு ஏழு மதிப்பெண்ணும் பதினொன்றுக்கு நாலும் போட்டேன். அவன் அதைச் சொன்னதும், பதினொன்று அதிக நேரம் ஊறிவிட்டது என்று எடுத்துச் சொன்னேன். ஊறியதுதான் காரணம். அவன் சிரித்துவிட்டு, "களைப்பா இருக்கீங்க நாச்சிமுத்து சென்னியப்பனோவிச், வீட்டுக்குப் போய்த் தூங்குங்க" என்றான். என்னைச் சோதிக்கிற அளவுக்கு வளர்ந்துவிட்டான்.

ஜனவரி 14, திங்கள்

பொங்கல். ரஷ்யாவில் இருந்தாலும் பொங்கல் பொங்கல்தான். அரை நாள் விடுப்பு போட்டேன். ஊரிலிருந்து கொண்டு வந்த வெல்லம், பாசிப்பருப்பு, முந்திரி, உலர்திராட்சை. அரிசி இங்கே வாங்கியது. பால் பொங்கியபோது தனியாகப் "பொங்கலோ பொங்கல்" என்று சொன்னேன். என் குரல் எனக்கே அசட்டுத்தனமாக இருந்தது. வெல்லத்திலும் கலப்படம், பாகு காய்ந்தால் தெருமுனை வரை மணக்க வேண்டாமா?

தனியாகச் சாப்பிடுவதற்குக் கிழவியாவது துணைக்கு இருக்கட்டும் என்று பாத்திரத்தோடு சமையலறை மேசைக்குக் கொண்டு போனேன். நீனா பாவ்லோவ்னா மூடியைத் திறந்தாள். சோற்றைப் பார்த்தாள், திராட்சையைப் பார்த்தாள். முகம் மாறிவிட்டது. நெற்றியிலிருந்து மார்பு வரை சிலுவை போட்டுக்கொண்டாள்.

"யாரு?" என்றாள்.

"என்ன யாரு?"

"உங்க வீட்டுல யாரு செத்தது?"

யாரும் சாகவில்லை, இது பண்டிகை என்று எனக்குத் தெரிந்த ரஷ்ய மொழியில் சொன்னேன். துக்கத்தில் உளறுகிறேன் என்று நினைத்துவிட்டாள். அலமாரியிலிருந்து இரண்டு சின்னக் கோப்பைகளை எடுத்து வந்து, தனக்கு வோட்கா, எனக்குப் பழச்சாறு ஊற்றினாள். விக்தர் வீட்டில் கற்றுக்கொடுத்தபடி நான் என் கோப்பையை நீட்டி இடிக்கப் போனேன். வெடுக்கென்று தன்னுடையதை இழுத்துக்கொண்டாள்.

"செத்தவங்களுக்காகக் குடிக்கிறப்போ இடிக்கக் கூடாது."

நின்றபடியே குடித்தாள். பொங்கலில் மூன்று கரண்டி எடுத்தாள். எண்ணி மூன்று. மூன்றாவது வாயில் இருக்கும்போதே என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அடியில கருகியிருக்கு."

"இல்லை."

"நல்லாவே கருகியிருக்கு. நான் படியேறும்போதே வாசம் வந்துச்சு. பக்கத்து வீடுன்னு நினைச்சேன்."

கரண்டியால் அடியைப் பெயர்த்துக் காட்டினாள். கறுப்பாகத்தான் இருந்தது. எங்கள் வெல்லத்தின் நிறம் அப்படி என்றேன். அவள் வெகு நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பது வருடம் தண்டவாளத்தையே பார்த்துப் பழகிய கண், வேறு எதையும் பார்க்கத் தெரியாது போலிருக்கிறது.

ஜனவரி 15

லுத்மிளாவிடம் கேட்டேன். இவர்கள் ஊரில் உலர்திராட்சை போட்ட இனிப்புச் சோறு இழவு வீட்டுச் சாப்பாடாம். அடக்கம் செய்த அன்று, ஒன்பதாம் நாள், நாற்பதாம் நாள் என்று படைப்பார்களாம். "இறந்தவரின் ஆன்மா நாற்பது நாட்கள் இவ்வுலகில் உலவும் என்பது எம்மவர் நம்பிக்கை ஐயா. நாற்பதாம் நாளன்று விடைகொடுத்தல் வேண்டும். அதுவரை அவர் இல்லத்தில்தான் இருக்கிறார் என்றே கொள்வர்" என்றாள்.

நாம் பதினாறு நாளில் முடித்துவிடுவதை இவர்கள் நாற்பது நாள் இழுக்கிறார்கள். சக்கரைப் பொங்கலைப் பார்த்துச் சாவு நினைவுக்கு வருகிற ஜனங்களிடம் வேறு என்ன எதிர்பார்க்க முடியும்? நீனா பாவ்லோவ்னா புருஷன் படத்துக்குப் பக்கத்தில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி வைத்திருக்கிறாள். எனக்காகவாம். யாருக்கு என்று அவளுக்கே தெரியாது.

ஜனவரி 21

ஆறு லாட்டும் துறைமுகத்துக்கு வந்துவிட்டன. சாம்பிள் இந்த வாரக் கடைசியில் கைக்கு வரும். முப்பத்தோராம் தேதி டேஸ்டிங், அன்றே கையெழுத்து. கம்பெனி முதலாளி போனில், "நாச்சிமுத்து இருக்கும்போது எனக்கு என்ன கவலை" என்றார். நான் நன்றி சொன்னேன். ராத்திரி தூக்கம் வரவில்லை, இந்த ஊர் ரேடியேட்டர் சூடு அப்படி.

ஜனவரி 25, வெள்ளி

தலைபாரமாக இருக்கிறது என்று வீட்டிலேயே இருந்துவிட்டேன். அடுப்பில் பாலை வைத்துவிட்டு மேசையில் உட்கார்ந்து சாம்பிள் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே எதிர்க் கட்டடக் கூரையில் இரண்டு பேர் பனிக்கட்டியைக் கடப்பாரையால் இடித்துத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். சோம்பேறிகள், ஓர் இடிக்கு ஒரு பேச்சு. அதைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் தலைவலி அதிகமாகியது. கண் சொருகியது.

வாசலில் நீனா பாவ்லோவ்னா கத்தினாள். பனி ஒட்டிய பூட்ஸோடு சமையலறைக்குள் ஓடி வந்தாள். வாசல் விரிப்பைத் தாண்டி ஒரு நாளும் பூட்ஸைக் கொண்டு வராதவள். அடுப்பை அணைத்தாள். இல்லை, அடுப்பு ஏற்கனவே அணைந்துதான் இருந்தது. பால் பொங்கி வழிந்து தீயை அணைத்திருக்கிறது. கேஸ் மட்டும் வந்துகொண்டிருந்திருக்கிறது. ஜன்னல் இரண்டையும் திறந்துவிட்டு, என் சட்டைக் காலரைப் பிடித்து வெளியே படிக்கட்டுக்கு இழுத்து வந்து உட்கார வைத்தாள். மூச்சு வாங்கியது அவளுக்கு.

"இரண்டாம் மாடியிலயே எனக்கு வாசம் வந்துருச்சு. நீங்க அதுக்குள்ளேயே உட்கார்ந்து எழுதிட்டு இருக்கீங்க."

நான் காலரைச் சரிசெய்துகொண்டேன்.

"எப்பலேருந்து?"

"எப்பலேருந்து என்ன?"

"எப்பலேருந்து வாசம் தெரியல?"

எனக்கு அந்த ரஷ்ய வார்த்தை புரியாதது போல இருந்தேன். அவள் விடாமல் பார்த்தாள். நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன். கீழே, அடுத்த திருப்பத்தில், ஒரு சாம்பல் நிறப் பூனை உட்கார்ந்திருந்தது. அதற்குப் பக்கத்தில் தரை ஈரமாக இருந்தது.

ஜனவரி 26

பூனை எங்கேயும் போகவில்லை.

ஜனவரி 27, ஞாயிறு

மரகதத்திடம் பேசவில்லை. அவள் மூன்று தடவை கூப்பிட்டாள்.

ஜனவரி 29

ஆறு சாம்பிளையும் வீட்டுக்குக் கொண்டு வந்தேன். நீனா பாவ்லோவ்னாவுக்குத் தேயிலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிக் கொடுக்கலாம் என்று தோன்றியது. இரண்டு மாதம் ஒரு டேஸ்டரோடு ஒரே கூரையின் கீழ் இருந்துவிட்டு ஒன்றும் தெரியாமல் இருக்கக்கூடாது அல்லவா? அப்படித்தான் அவளிடம் சொன்னேன். அவள் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஏன் என்று கேட்கவில்லை.

முறைப்படி ஆறு கோப்பை ஊற வைத்தேன். மூடியைத் திறந்து ஊறிய இலையை ஒவ்வொன்றாக மோந்து பார்க்கச் சொன்னேன்.

"இது காய்ஞ்ச வைக்கோல். மழை படாத வைக்கோல்." ஒன்று.

"இது பூ. பேரு தெரியல." இரண்டு.

மூன்றும் நாலும் ஒரே மாதிரி என்றாள். ஒரே தோட்டம், ஒரே வாரம் பறித்தது, பட்டியலில் அப்படித்தான் இருக்கிறது. ஐந்தில் கொஞ்சம் புகை என்றாள். ஆறாவதை மோந்ததும் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"சோப்புத்தூள்."

"இருக்காது."

"மட்டமான சோப்புத்தூள். டிப்போவுல ட்ராம் கழுவுறதுக்குக் கொடுப்பாங்க, அது. இதை நான் குடிக்க மாட்டேன்."

நான் ஆறாவதை வாங்கி முகத்தோடு சேர்த்துப் பிடித்தேன். சூடு தெரிந்தது. ஆவி மூக்கில் பட்டு ஈரமாகியது. வேறு ஒன்றும் இல்லை. இன்னும் ஆழமாக இழுத்தேன். இருபத்தேழு வருடம் எனக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்த இடத்தில் யாருமே இல்லை. கோப்பையைக் கீழே வைத்தேன், கொஞ்சம் சிந்தியது. நீனா பாவ்லோவ்னா துணியால் துடைத்தாள். வைக்கோல், பூ, சோப்புத்தூள் என்று ஒரு ட்ராம் டிரைவர் வரிசையாகச் சொல்லிவிட்டுப் போகிறாள், நான் குறித்துக்கொள்கிறேன். இதைவிடக் கேவலம் ஒரு டேஸ்டருக்கு வர முடியாது.

"மோட்டார் கருகுறதை மூக்காலதான் கண்டுபிடிப்போம்" என்றாள், நான் கேட்காமலே. "தெரிஞ்ச பிறகு ஓட்டினா ஆளுங்க சாவாங்க. நிறுத்திட்டு இறங்கிடணும்." பிறகு, "எப்பலேருந்து?" என்று மறுபடி கேட்டாள்.

டிசம்பர் இருபத்து நாலு என்றேன்.

சுவரில் இருந்த காலண்டரைக் கழற்றி மேசையில் வைத்தாள். விரலால் நாட்களைத் தொட்டு எண்ணினாள். பிப்ரவரி ஒன்றில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டுவிட்டுத் திரும்பச் சுவரில் மாட்டினாள்.

ஜனவரி 31

டேஸ்டிங். ஆறு கோப்பை, பக்கத்தில் விக்தர், பின்னால் லுத்மிளா, கூடவே தொழிற்சாலையின் பெரிய அதிகாரிகள் நாலு பேர். நான் உறிஞ்சினேன், துப்பினேன், நகர்ந்தேன். பழைய வேகம். ஐந்து லாட்டுக்குக் கையெழுத்துப் போட்டேன். ஆறாவதைத் தள்ளி வைத்தேன்.

"சோப்புத்தூள்" என்றேன்.

விக்தர் மோந்து பார்த்தான், தெரியவில்லை என்றான். எலுமிச்சைக்காரன். கிடங்கில் மூட்டையைப் பிரித்து, பேக்கிங் பெண்களைக் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொன்னார்கள். முதல் பெண்ணே முகத்தைச் சுளித்தாள். துறைமுகத்துக்குப் போன் செய்தார்கள். அந்தக் கண்டெய்னர் அதற்கு முன்பு சலவைத்தூள் ஏற்றி வந்ததாம்.

என்னைச் சுற்றி நின்று கை தட்டினார்கள். விக்தர் இந்தத் தடவை உண்மையாகவே முத்தம் கொடுத்தான், இரண்டு கன்னத்திலும். பதினோராவது கோப்பைக்காக மன்னிப்புக் கேட்டான். குன்னூரிலிருந்து முதலாளி போன் செய்து என் ஒப்பந்தத்தை இன்னும் மூன்று வருடம் நீட்டுவதாகச் சொன்னார். மூன்று வருடம் நீனா பாவ்லோவ்னாவைப் பையில் போட்டுக்கொண்டு அலைய முடியுமா என்று யோசித்தேன். யோசித்தேன் என்பதை எழுதி வைக்கிறேன். இந்த இரண்டு மாதத்தில் இந்த நோட்டில் நான் திட்டிய ஆட்களில் ஒருவன்கூட இவ்வளவு மட்டமானவன் இல்லை.

பிப்ரவரி 1, வெள்ளி

தொழிற்சாலைச் சாப்பாட்டுக்கூடத்தில் எனக்காக மத்தியான விருந்து. எல்லாரும் வந்திருந்தார்கள். பேக்கிங் பெண்கள்கூட. விக்தர் எழுந்து நின்று நீளமாகப் பேசினான். லுத்மிளா என் காதருகில் சொல்லிக்கொண்டே வந்தாள்: "எம் நாற்பது டன் தேயிலையைக் காத்த தங்கள் நாசியின் நலத்திற்காக அருந்துவோம் என்கிறார் ஐயா."

நாற்பது கைகள் மேசைக்கு மேல் நீண்டன. எல்லாரும் என் கண்ணைப் பார்த்தார்கள். டிசம்பரில் உள்ளே ஒன்றும் இல்லை என்று எழுதிய அதே கண்கள். சந்தோஷம் இருந்தது, வேறு எந்தச் சூதும் இல்லை. விக்தர் தன் கோப்பையை என்னுடையதை நோக்கிக் கொண்டு வந்தான். நான் என்னுடையதைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

அவனுக்கு முதலில் புரியவில்லை. மறுபடி நீட்டினான். மறுபடி இழுத்துக்கொண்டேன். கூடம் மெல்ல மெல்ல அடங்கியது. இந்த ஊரில் அதற்கு ஓர் அர்த்தம்தான் உண்டு.

"யாரு?" என்றான் விக்தர், தணிந்த குரலில். "யாரு செத்தது?"

லுத்மிளா வாயைத் திறந்தாள். வேண்டாம் என்று கையைக் காட்டினேன். இதை அவள் அழகாக்கிவிடுவாள். எனக்குத் தெரிந்த கடைத்தெரு ரஷ்ய மொழியிலேயே சொன்னேன்.

"என் மூக்கு. இன்னிக்கு நாற்பதாவது நாள். சோப்புத்தூளைக் கண்டுபிடிச்சது நான் தங்கியிருக்கிற வீட்டு அம்மா. நான் இல்லை. நான் இறங்கிக்கிறேன்."

சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். திட்டுவார்கள் என்றும் எதிர்பார்த்தேன், அதற்குப் பதிலும் தயாராக வைத்திருந்தேன். விக்தர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு கோப்பையைத் தன் மார்போடு சேர்த்துக்கொண்டு, யாரோடும் இடிக்காமல், நின்றபடியே குடித்தான். மேசை முழுக்க ஒவ்வொருவராக எழுந்தார்கள். ஒரு சத்தமும் இல்லாமல் குடித்தார்கள். நானும் குடித்தேன்.

முதலாளிக்கு நானே போன் செய்து சொல்லிவிட்டேன். டிக்கெட் அனுப்புவதாகச் சொன்னார். மரகதத்திடம் சொன்னேன். "எனக்குத் தைலத்தன்னிக்கே தெரியுமுங்க. நீங்களாச் சொல்லட்டும்னு இருந்தேன். வாங்க" என்றாள்.

வீட்டுக்கு வந்தபோது படியில் பூனை இருந்தது. தாண்டி வந்தேன். நீனா பாவ்லோவ்னா மேசையில் ஒரு தட்டு வைத்திருந்தார். சோறு, உலர்திராட்சை, மேலே தேன். மெழுகுவர்த்தி ஏற்றியிருந்தார். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தோம். மூன்று கரண்டி எடுத்தேன். இனிப்பு தெரிந்தது, சூடு தெரிந்தது.

"அடிப்பிடிச்சிருக்கா?" என்று அவரிடம் கேட்டேன்.

குனிந்து மோந்து பார்த்தார்.

"இல்லை" என்றார். "சாப்பிடுங்க."